சோர்ந்த கைகளைத் தாங்குவோர்



சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. மாலைத் திருப்பலி முடிந்து, சங்கிலித்தாம் மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு தாய் என்னோடு பேச வேண்டுமென்று வாசலில் காத்திருந்தார். அவருடைய கணவர் பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்து நான்கு வருடங்கள். மூத்த மகன் வெளிநாடு போனான். முதலில் பணம் வந்தது, பிறகு கடிதம் மட்டும் வந்தது, இப்போது ஒன்றும் வருவதில்லை. இதையெல்லாம் அவர் அழாமலே சொன்னார். கடைசியில் சொன்னதுதான் அவர் சொல்ல வந்தது.

"கோவிக்காதேங்கோ சுவாமி. நான் செபம் சொல்லுறதை விட்டிட்டன். ஆறு மாசமாச்சு. முழங்காலிலை இருந்தால் வாய் அசையுது, மனம் வருகுதில்லை. இனி என்னை ஒரு கிறிஸ்தவள் எண்டு சொல்லலாமோ?"

நான் உடனே பதில் சொன்னேன்: "பொறுமையாயிருங்கள், அம்மா. ஆண்டவர் உங்களைக் கைவிடமாட்டார்." அவர் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அன்றிரவு கட்டளைச் செபப் புத்தகத்தைத் திறந்தபோது என் மனம் என்னைக் கடிந்துகொண்டது. அப்பம் கேட்ட பிள்ளைக்குக் கல்லைக் கொடுத்த தகப்பனைப்பற்றி ஆண்டவர் சொன்னாரே, அந்தத் தகப்பனைப் போலல்லவா நான் நடந்துகொண்டேன்? "பொறுமையாயிரு" என்று சொல்வது எளிது. பொறுமையாயிருக்கத் தேவையான பலம் எங்கிருந்து வருகிறது? யார் மூலமாக வருகிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வேதாகமத்தையும் நம் நாட்டுத் திருச்சபையின் சரித்திரத்தையும் திரும்பப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தப் பாடம்.

புனித சின்னப்பரின் இரு சொற்கள்

புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 15-ம் அதிகாரத்தில் இறைவனுக்கு ஓர் அழகான பட்டம் சூட்டுகிறார். நிலைத்து நிற்கும் பொறுமைக்கும் ஊக்கத்துக்கும் ஊற்றானவர் என்று அவரை அழைக்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே வசனத்தில் சேர்த்தே சொல்லுகிறார்.

கிரேக்க மூலத்தில் முதலாவது சொல் "இப்பொமொனே". இதைப் "பொறுமை" என்று நாம் மொழிபெயர்த்தாலும், சொல்லின் வேர்ப்பொருள் "கீழே தங்கியிருத்தல்" என்பதாகும். தலையில் சுமை இருக்கிறது. சுமந்தவன் அதை எறிந்துவிட்டு ஓடாமல் அதன் கீழே நிற்கிறான். அவன் சிரிக்கிறான் என்றோ, சுமை கனக்கவில்லை என்று நடிக்கிறான் என்றோ இந்தச் சொல் கூறவில்லை. நிற்கிறான் என்று மட்டுமே கூறுகிறது.

இரண்டாவது சொல் "பராக்கிளேசிஸ்". இதன் வேர்ப்பொருள் "பக்கத்தில் அழைத்தல்". பரிசுத்த ஆவியானவரைத் தேற்றரவாளர் என்று புனித அருளப்பர் குறிப்பிடும் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஊக்கம் என்பது தூரத்தில் நின்று "தைரியமாயிரு" என்று கூப்பிடுவதன்று. பக்கத்தில் வந்து நிற்பதாகும்.

இவ்விரு சொற்களையும் அப்போஸ்தலர் ஏன் சேர்த்து வைத்தார்? ஒருவன் சுமையின் கீழே நிற்க வேண்டுமானால், இன்னொருவன் அவன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். நிலைத்திருத்தல் தனி மனிதனுடைய மனவலிமை என்றே நாம் நினைக்கிறோம். அது இல்லாதவர்கள் தங்களைத் தாங்களே குற்றவாளிகளாகத் தீர்த்துக்கொள்கிறார்கள். வேதாகமமோ வேறுவிதமாகச் சொல்லுகிறது: நிலைத்திருத்தல் இறைவனின் கொடை, அக்கொடையை அவர் பெரும்பாலும் மற்றொரு மனிதனின் கையில் கொடுத்தனுப்புகிறார்.

திருச்சபையின் போதனையும் இதுவே. புனித அகுஸ்தீனார் தம் முதிர்வயதில் எழுதிய நூலொன்றின் தலைப்பே நிலைத்திருத்தல் ஒரு கொடை என்று அறிவிக்கிறது. 1547-ம் ஆண்டில் திரிதெந்து பொதுச்சங்கமும், இறுதிவரை நிலைத்திருக்கும் வரத்தை இறைவனிடமிருந்தே நாம் பெற முடியும் என்று போதித்தது. கொடை என்றால் அதைக் கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை.

எலியாசும் மோயீசனும்

எலியாஸ் தீர்க்கதரிசி நெருப்பைப் போன்றவர். ஆனால் அரசர் ஆகமத்தில் நாம் காணும் ஒரு காட்சியில், அவர் வனாந்தரத்தில் ஒரு செடியின் நிழலில் விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் மன்றாடுகிறார். அப்போது ஆண்டவர் என்ன செய்தார்? கடிந்துகொள்ளவில்லை. பிரசங்கமும் செய்யவில்லை. தூதர் ஒருவரை அனுப்பினார். தூதர் கொண்டுவந்தது சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும். எலியாஸ் உண்டார், மறுபடியும் தூங்கினார். தூதர் மீண்டும் எழுப்பி, மீண்டும் உண்ணக் கொடுத்தார். அதற்குப் பின்புதான் நாற்பது நாள் நடைப்பயணம். அதற்கும் பின்புதான் மலையில் மெல்லிய காற்றொலியில் இறைவனின் வார்த்தை.

அந்த மலையில் எலியாஸ் செய்த முறைப்பாடு என்ன? தான் ஒருவனே மீந்திருப்பதாக அவர் சொன்னார். ஆண்டவர் அவருக்கு இரண்டு பதில்கள் கொடுத்தார். பாகாலுக்கு முழந்தாளிடாத 7,000 பேர் இஸ்ராயேலில் இருக்கிறார்கள் என்பது ஒன்று. எலிசேயு என்ற உழவனை உனக்குத் துணையாகச் சேர்த்துக்கொள் என்பது மற்றொன்று. சோர்ந்த மனிதனுக்கு ஆண்டவர் உணவும் தூக்கமும் தந்தார். அதன்பின் துணையும் தந்தார்.

யாத்திராகமத்தின் 17-ம் அதிகாரத்தில் மோயீசன் குன்றின்மேல் கைகளை உயர்த்திச் செபிக்கிறார். கைகள் உயர்ந்திருக்கும்போது இஸ்ராயேலர் வெல்லுகிறார்கள். கைகள் தாழும்போது அமலேக்கியர் வெல்லுகிறார்கள். நேரம் செல்லச் செல்ல அந்தப் பெரிய மனிதனின் கைகளும் கனத்துப்போயின. ஆரோனும் ஊரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் நின்று, சூரியன் மறையும்வரை அவர் கைகளைத் தாங்கினார்கள். மோயீசனின் கைகளே சோர்ந்தன என்றால் நம் கைகள் சோர்வதில் என்ன வியப்பு?

நம் முன்னோர் குருவில்லாமல் வாழ்ந்த காலம்

இது பழைய ஏற்பாட்டுக் காலத்துக்கு மட்டும் உரிய பாடமன்று. இந்தத் தீவில், நாம் நடந்து திரியும் இதே தெருக்களில், நம் முன்னோர் இதை வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

ஒல்லாந்தர் 1656-ம் ஆண்டில் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருக்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென 1658-ல் கட்டளை பிறந்தது. கோவில்கள் பறிக்கப்பட்டு ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்கு உரியவையாயின. அந்தச் சபையில் ஞானஸ்நானமும் விவாகமும் பெற்றுத் தோம்பில் பெயர் பதியாவிட்டால் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை கிடைப்பதே சிரமம்.

கொட்டாஞ்சேனையிலுள்ளவர்கள் வுல்பெண்டால் மேட்டிலிருக்கும் பெரிய ஒல்லாந்த தேவாலயத்தை அறிவீர்கள். 1749-ல் தொடங்கி 1757-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இன்று அவர்கள் நம் சகோதர கிறிஸ்தவர்கள். ஒரே மேடையில் நாம் சேர்ந்து செபிக்கிறோம். ஆனால் அக்காலத்தில் அது அரசாங்கத்தின் தேவாலயம். அதன் நிழலில் இருந்த தெருக்களில்தான் கத்தோலிக்கக் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்லின.

1658-ல் இருந்து 1687 வரை ஏறக்குறைய முப்பது வருடங்கள் இத்தீவின் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றி வாழ்ந்தார்கள். முப்பது வருடம் என்றால் என்ன என்று சற்று எண்ணிப் பாருங்கள். அன்று பிறந்த பெண்பிள்ளை வளர்ந்து, மணமுடித்து, தன் பிள்ளைக்குக் குருசு வரையப் பழக்கும் காலம். அந்தப் பெண் தன் வாழ்நாளில் ஒருமுறையாவது பூசை கண்டிருக்கமாட்டாள், பாவசங்கீர்த்தனம் செய்திருக்கமாட்டாள். அப்படியிருந்தும் தன் பிள்ளைக்குப் பரலோக மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அவளுடைய தாய். இதே காலத்தில்தான் மாந்தையிலிருந்த விசுவாசிகள் சிலர் தேவமாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள் என்று மருதமடுவின் பாரம்பரியம் கூறுகிறது.

எல்லாரும் உறுதியாய் நின்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலர் அஞ்சினார்கள். நிலத்துக்காகவும் பதவிக்காகவும் வெளியே ஒரு மதம், வீட்டுக்குள்ளே ஒரு மதம் என்று வாழ்ந்தவர்கள் ஏராளம். முற்றாக விட்டுவிட்டவர்களும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெளியே தலைகுனிந்தவர்களிலும் பலர் வீட்டுக்குள்ளே செபமாலையை எறிந்துவிடவில்லை. புகைந்துகொண்டிருந்த அந்தத் திரியை ஆண்டவர் அணைக்கவில்லை.

தேடி வந்தவர்

அந்தத் திரியைத் தேடி ஒருவர் வந்தார். 1651-ம் ஆண்டு கோவாவில் பிறந்த யோசப் வாஸ் அடிகளார் 1687-ல் யோவான் என்ற பணியாளர் ஒருவரை மட்டும் துணையாகக் கொண்டு, கூலியாளின் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து வள்ளமேறினார். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயிற்றுளைவு கண்டு, சாவின் விளிம்புவரை போய்விட்டார். வந்த வேலை தொடங்குமுன்பே முடிந்துவிடும் போலிருந்தது. எழுந்து நடமாட முடிந்ததும், கத்தோலிக்கர் எங்கே இருக்கிறார்கள் என்று யாரிடமும் கேட்க முடியாத நிலை. எனவே ஒரு செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். கதவைத் திறக்கிறவர்களின் கண்கள் அந்தச் செபமாலையைக் காணும்போது என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டே போனார். ஒரு வீட்டில் கண்கள் மலர்ந்தன. அப்படித்தான் மறைந்திருந்த மந்தை தன் மேய்ப்பரைக் கண்டுகொண்டது. பிறகு சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலமாயிற்று.

இங்கே யார் யாருக்கு ஊக்கமளித்தார்கள்? குரு மக்களுக்கு ஊக்கமளித்தார் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பிணியால் மெலிந்து, அந்நிய நாட்டில் நின்ற அந்த மனிதருக்கு, ஒரு குடும்பத்தின் கண்களில் தெரிந்த அடையாளம் எவ்வளவு பெரிய ஊக்கமாக இருந்திருக்கும்! முப்பது வருடமாக வீட்டுக்குள்ளே அவர்கள் காத்துவந்த விசுவாசமே அவருடைய கைகளைத் தாங்கிய ஆரோனும் ஊருமாயிற்று.

1689-ம் ஆண்டு நத்தார் இரவு. பாலன் பிறப்புப் பூசைக்காக யாழ்ப்பாணத்தில் விசுவாசிகள் ஒரு வீட்டில் கூடியிருந்தபோது ஒல்லாந்தச் சிப்பாய்கள் புகுந்தார்கள். அடிகளார் தப்பினார்; மக்கள் பிடிபட்டார்கள். சிலர் கசையடி பட்டார்கள், சிறையில் வாடினார்கள். சீர்திருத்த சபையிலிருந்து கத்தோலிக்க மறைக்கு வந்திருந்த தொன் பேதுரு என்பவர் பட்ட அடிகளால் உயிர் துறந்தார். தாம் தப்பியதும் தம் மக்கள் அடிபட்டதும் அடிகளாரின் உள்ளத்தை எப்படி அறுத்திருக்கும்! துன்பத்தில் நிலைத்திருத்தல் என்பதில் இந்த வேதனையும் உண்டு: நாம் நேசிப்பவர்கள் அடிபட, நாம் உயிரோடு எஞ்சியிருப்பது. இந்த நாட்டில் இதை அறியாத தமிழ்க் குடும்பம் எது?

அடிகளார் ஓடிப்போகவில்லை. 1690-ல் புத்தளத்துக்கும், 1692-ல் கண்டிக்கும் போனார். கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். சிறையிலேயே சிங்களம் கற்றார். சிறையிலேயே ஒரு சிறு குடிசைக் கோவில் அமைத்தார். பின்னர் விமலதர்மசூரிய மன்னன் அவருக்கு நடமாடும் சுதந்திரம் கொடுத்தான். மாறுவேடத்தில் ஒல்லாந்தர் ஆண்ட கரையோரங்களுக்கும் கொழும்புக்கும் வந்து இரவிலே திருவருட்சாதனங்களை நிறைவேற்றினார். உதவிக்குக் குருக்கள் வந்து சேரும்வரை ஏறக்குறைய பத்து வருடங்கள் இந்த முழுத் தீவுக்கும் அவர் ஒருவரே குரு. 1697-ல் கண்டியில் அம்மை நோய் பரவி, வீட்டார் தம் நோயாளிகளை விட்டுவிட்டு ஓடியபோது, அவரும் அவருடைய மருமகனான யோசப் கர்வாலியோ சுவாமியும் கைவிடப்பட்டவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள்.

1711 ஜனவரி 16-ல் அவர் கண்டியில் மரித்தார். இத்தீவில் கால்வைத்த நாளிலிருந்து ஏறக்குறைய இருபத்துநான்கு வருடங்கள். ஒருமுறையாவது தாயகம் திரும்பவில்லை. அவர் மரித்தபோதும் ஒல்லாந்தர் சட்டம் அப்படியே இருந்தது. அதன் பின்னும் எண்பத்தைந்து வருடங்கள் கழித்து, 1796-ல்தான் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. 1806-ல்தான் கத்தோலிக்கருக்கு எதிரான தடைகளை ஆங்கில அரசு நீக்கியது. அடிகளார் விடுதலையைக் காணவில்லை. விதைத்தார், அறுவடையை மற்றவர்களுக்கு விட்டுச்சென்றார். 1995 ஜனவரி 21-ல் இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் காலிமுகத் திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், அதே திடலில் 2015 ஜனவரி 14-ல் பிரான்சிஸ் பாப்பரசர் புனிதராகவும் உயர்த்தினார்கள்.

மூப்பரும் அண்ணாவியாரும்

அவருடைய வெற்றியின் இரகசியம் ஒன்றுண்டு. ஒரு கிராமத்துக்கு வருடத்தில் ஒருமுறை வருவதே அவருக்குப் பெரிய காரியம். மீதி நாட்களை யார் பார்த்துக்கொள்வது? ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு மந்திரங்களைப் படிப்பித்தார்கள். ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மரணப்படுக்கையின் பக்கத்தில் இருந்தார்கள். 1705-ல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி அவர்கள் கைகளில் கொடுப்பதற்காகவே சிங்களத்திலும் தமிழிலும் ஞானநூல்களை எழுதினார். இத்தனை நெருக்கடியிலும் திருச்சபை அழியாதிருந்ததற்குக் காரணம், சாதாரண மனிதர் ஒவ்வொருவரும் தம் அயலவனின் கையைத் தாங்கியதே.

யப்பான் நாட்டிலும் இதுவே நடந்தது. அங்கே குருக்கள் இல்லாமல் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர், 1865 மார்ச் 17-ல் நாகசாகியின் ஊரா ஆலயத்துக்கு வந்து, பிரெஞ்சுக் குருவான பெத்தித்ஜான் சுவாமியிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். ஞானஸ்நானம் கொடுப்பவர், திருநாட்களைக் கணக்கிட்டுச் சொல்பவர் என்று அவர்களுக்குள்ளும் பொறுப்பாளர்கள் இருந்தார்கள். தனித்தனியே நின்றிருந்தால் ஒரு தலைமுறைகூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்கள்.

நம் காலத்தில்

நம்முடைய காலத்துக்கு வருவோம். வெள்ளவத்தையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 1983 ஜூலையைப்பற்றி என்னிடம் சொன்னார். வீடு எரிந்தது, உடுத்திய உடையோடு அகதி முகாமுக்குப் போனார்கள். முதல் இரவு ஒருவரும் பேசவில்லை. இரண்டாம் நாள் மாலையில் ஒரு வயோதிபத் தாய் ஒரு மூலையில் இருந்து மெதுவாகச் செபமாலையைத் தொடங்கினார். கையில் மணி இல்லை. விரல்களை மடக்கி எண்ணினார். முதலில் இரண்டு பேர் பதில் சொன்னார்கள். மூன்றாம் காரணிக்கத்தில் இருபது பேர். "எனக்கு அண்டைக்குக் கடவுள்மேலை சரியான கோபம், சுவாமி. நான் வாய் திறக்கேல்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குள்ளை நித்திரை கொண்டன். மூண்டு நாளுக்குப் பிறகு அண்டைக்குத்தான் நித்திரை" என்றார் அவர். எலியாசின் செடி நிழலை இந்த வார்த்தைகளில் நான் கண்டேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் அதிகமானோர் மாண்டனர். அடுத்த ஞாயிறு கோவில்கள் பூட்டிக் கிடந்தன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தம் இல்லத்தில் நிறைவேற்றிய திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி நம் குடும்பங்கள் வீட்டில் முழங்காலில் இருந்தன. ஒல்லாந்தர் காலத்து முன்னோரின் வீட்டு முற்றம் அன்று நம் முற்றமாயிற்று. கொச்சிக்கடைக் கோவிலின் பாரம்பரியமும் அந்தக் காலத்தோடு பின்னியதுதானே: மாறுவேடத்தில் ஒளிந்து திரிந்த அந்தோனியோ என்ற குருவிலிருந்தே அத்தலத்தின் கதை தொடங்குகிறது. 2019 ஜூன் 12-ல், திருநாளுக்கு முந்திய நாள், கோவில் மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் சகல மதத்தவரும் மறுபடியும் அங்கே வந்து மெழுகுதிரி ஏற்றினார்கள். கட்டடத்தைச் சில வாரங்களில் திருத்திவிடலாம். பிள்ளையை இழந்த தாயின் உள்ளத்துக்கு அப்படிக் கணக்கில்லை. கோவில் திறந்துவிட்டதென்று அவர்களை நாம் மறந்துவிடக்கூடாது.

பின்னர் 2020-ல் கொள்ளை நோய். 2022-ல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இரவு பகலாக வரிசை. அந்த வரிசைகளில் ஒருவருக்காக ஒருவர் இடம் பிடித்து நின்றதும், கிடைத்த அரிசியைப் பங்கிட்டுக்கொண்டதும் நமக்குத் தெரியும். அதுவும் பராக்கிளேசிஸ்தான், பக்கத்தில் வந்து நிற்பதுதான்.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை

முதலாவது: உணர்ச்சி வற்றிப்போவதை விசுவாசம் செத்துப்போனதாக எண்ணவேண்டாம். செபிக்க முடியவில்லையே என்று வருந்துகிறவன் இன்னும் செபத்தின் வாசலில்தான் நிற்கிறான். புனித சின்னப்பரே, ஆசியா நாட்டில் தமக்கு நேர்ந்த இடுக்கண் தம் சக்திக்கு மிஞ்சியிருந்ததென்றும், பிழைக்கும் நம்பிக்கையே அற்றுப்போயிற்றென்றும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில் மறைக்காமல் எழுதுகிறார்.

இரண்டாவது: பெரிய செபம் முடியாவிட்டால் சிறிய செபத்தை விட்டுவிடாதிருங்கள். குருசு வரைந்து, ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிப் படுத்துக்கொள்வது சிறு காரியம். முப்பது வருடம் விசுவாசத்தைக் காத்தது இப்படிப்பட்ட சிறு காரியமே.

மூன்றாவது: உங்களால் செபிக்க முடியாத நாளில் உங்களுக்காக மற்றவர்கள் செபிக்க இடம் கொடுங்கள். நம் குடும்பங்கள் துன்பத்தை மறைத்துக்கொள்ளப் பழகியவை. "ஊர் என்ன சொல்லும்" என்ற பயம் பல வீட்டுக் கதவுகளை ஒல்லாந்தச் சட்டத்தைவிட இறுக்கமாகப் பூட்டியிருக்கிறது. கதவைத் தட்டுகிறவர் கழுத்தில் செபமாலை இருந்தால், திறந்துவிடுங்கள்.

நான்காவது: நிலைத்திருத்தல் என்ற பெயரில் அநியாயத்தை விழுங்கவேண்டுமென்று யாரும் போதிக்கவேண்டாம். அடிக்கும் கணவனின் கொடுமையை மௌனமாகச் சகிப்பது கிறிஸ்தவப் பொறுமை அன்று. அங்கே பாதுகாப்பைத் தேடுவதே சரி. காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய் நீதி கேட்பது விசுவாசக் குறைவு அன்று. நீதிபதியின் வாசலை விடாத கைம்பெண்ணை ஆண்டவரே நமக்கு மாதிரியாகக் காட்டினார். மனம் நோயுற்றுத் தூக்கமும் பசியும் அற்றுப்போனவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் அந்தத் தூதர் கொண்டுவந்த அப்பத்தில் ஒரு பங்குதான்.

ஐந்தாவது: துன்பப்படுகிறவரிடம் போகும்போது வசனத்தை முதலில் நீட்டாதேயுங்கள். அப்பத்தை முதலில் கொண்டுபோங்கள்.

அந்தத் தாய்

இந்த ஐந்தாவது பாடத்தை நான் என் தவறிலிருந்து கற்றேன். அடுத்த கிழமை அந்தத் தாயின் வீட்டைத் தேடிப் போனேன். அப்பகுதி அன்பியத்தைச் சேர்ந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். ஒருவர் கையில் இடியப்பமும் சொதியும். நான் ஒன்றும் போதிக்கவில்லை. நோயாளிக்கு நற்கருணை கொடுத்தேன். மற்றப் பெண் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க உதவினார். பிறகு எல்லாரும் இருந்து ஒரு பத்துமணிச் செபம் சொன்னோம். அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. கதிரையில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

இப்போது புதன்கிழமைதோறும் அந்தப் பெண்கள் போகிறார்கள். கணவர் எழுந்து நடக்கவில்லை. மகனிடமிருந்து கடிதம் வரவில்லை. அந்தத் தாய்க்குப் பழையபடி செபம் வந்துவிட்டது என்றும் நான் எழுத முடியாது. ஆனால் போன மாதம் வாசலில் என்னைக் கண்டபோது அவர் சொன்னார்: "சுவாமி, இப்பவும் மனம் வருகுதில்லை. ஆனால் புதன்கிழமை அவை வருவினம் எண்டு காலமையே வீட்டைக் கூட்டி, மாதாவுக்கு முன்னாலை விளக்குக் கொழுத்தி வைப்பன்."

அவர் முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். ஆம், அம்மா, நீங்கள் கிறிஸ்தவள்தான். முப்பது வருடம் குருவைக் காணாமல் விளக்கை அணையவிடாத அந்தத் தாய்மாரின் வரிசையில் நீங்களும் நிற்கிறீர்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் மாலைச் செபம் இன்னும் உண்டா? நின்றுபோயிருந்தால், எந்த நாளில் எந்தக் காரணத்தால் நின்றது?

2. நமக்குச் சோர்வு வந்த காலத்தில் நம் பக்கத்தில் வந்து நின்றவர் யார்? அவருக்கு நன்றி சொன்னோமா?

3. நம் தெருவில் நான்கு வருடமாகப் படுக்கையில் கிடப்பவர் யாராவது உண்டா? இந்தக் கிழமை அந்த வீட்டுக்கு யார் போவது, எதைக் கொண்டுபோவது என்று இன்றே தீர்மானியுங்கள்.